சாய ஆலையில் தண்ணீரும் உப்பும் மிச்சப்பட என்ன பயிற்சி வேண்டும்? திருப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர் பக்கத்துச் சாய ஆலைகளில் ஆபரேட்டர்களுக்கும் ஹெல்பர்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் பயிற்சி கொடுப்பது என் வேலை. முதலாளிகளும் மேனேஜர்களும், சில சமயம் தொழிலாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். பதில்கள் பெரும்பாலும் மெஷின் பக்கத்தில் நின்று கற்றவை.

சுத்திகரிப்பு நிலையம்தான் இருக்கிறதே, தொழிலாளிக்குத் தனியாகச் சுற்றுச்சூழல் பயிற்சி எதற்கு?

சாயத் தொட்டியில் போடும் உப்பு துணியில் தங்குவதில்லை. சாயத்தை நூலுக்குள் ஏற்றிவிட்டு, போட்ட அளவு அப்படியே கழிவுநீரோடு இறங்கிவிடும். அதைத் திரும்ப எடுக்க என்னென்ன வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். முதலில் உயிரியல் சுத்திகரிப்பு, பிறகு ஆர்.ஓ., அப்புறம் ஆர்.ஓ. ஒதுக்கித் தள்ளும் அடர்ந்த உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்கும் எவாப்பரேட்டர். எவாப்பரேட்டருக்கு நீராவி வேண்டும், நீராவிக்கு பாய்லரில் விறகு எரிய வேண்டும். மெஷினில் கூடுதலாக விழுந்த ஒவ்வொரு கிலோ உப்புக்கும் வாங்கும்போது ஒரு செலவு, வெளியே எடுக்கும்போது அதைவிடப் பெரிய செலவு.

சுத்திகரிப்பு நிலையம் வந்ததைத்தான் சமாளிக்கும். எவ்வளவு வர வேண்டும் என்பதை முடிவு செய்வது மெஷின் முன்னால் நிற்கும் ஆள். வால்வைத் திறப்பதும் மூடுவதும் அவர் கைதான். அந்தக் கைக்குப் பயிற்சி இல்லாமல் எத்தனை கோடிக்கு நிலையம் கட்டினாலும் பாதிக் காரியம்தான் நடக்கும் என்பது என் உறுதியான கருத்து.

2011-ல் ஆலைகள் மூடப்பட்ட கதையை இப்போது வேலைக்கு வரும் பையன்களுக்குச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்ல வேண்டும். நான் எந்தப் பயிற்சியையும் அங்கிருந்துதான் தொடங்குகிறேன்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக வந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு நொய்யல். அதன் குறுக்கே பாசனத்துக்காக 1992-ல் ஒரத்துப்பாளையம் அணை வந்தது. விவசாயத்துக்குத் தண்ணீர் தேங்க வேண்டிய இடத்தில் சாயக் கழிவு தேங்கியது. அணை நீர் பாய்ந்த நிலமும் சுற்றியிருந்த கிணறுகளும் உப்பேறின. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். பல ஆண்டு வழக்குக்குப் பிறகு 2011 ஜனவரி 28 அன்று, கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத பூஜ்ய நிலை சுத்திகரிப்பை, அதாவது ஜீரோ டிஸ்சார்ஜை எட்டும் வரை திருப்பூரின் சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். 700-க்கும் மேற்பட்ட ஆலைகள் ஒரே உத்தரவில் நின்றன. துணியை வெளியூர்களுக்கு அனுப்பிச் சாயமேற்ற வேண்டியிருந்தது. வேலை இழந்து ஊர் திரும்பிய குடும்பங்கள் ஏராளம்.

இன்று மெஷினில் நிற்கும் இளைஞர்கள் பலருக்கு இது தெரியாது. தண்ணீரைப் பற்றி நாம் ஏன் இவ்வளவு பேசுகிறோம் என்பது இதைச் சொன்ன பிறகுதான் அவர்களுக்குப் புரிகிறது.

ஒரு ஆபரேட்டர் கையில் அப்படி என்னதான் இருக்கிறது? எல்லாம் டையிங் மாஸ்டர் போட்டுக் கொடுக்கும் கணக்குதானே?

கணக்கு மாஸ்டருடையது. அது கணக்குப்படி நடப்பதும் நடக்காததும் ஆபரேட்டர் கையில். ஒரே ஒரு உதாரணத்தை விரிவாகச் சொல்கிறேன்.

சாஃப்ட் ஃப்ளோ என்ற சாய மெஷினில் 500 கிலோ பருத்தித் துணி ஏறியிருக்கிறது. ஒரு கிலோ துணிக்கு ஆறு லிட்டர் தண்ணீர் என்பது மாஸ்டரின் கணக்கு. மொத்தம் 3,000 லிட்டர். லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்றால் 180 கிலோ உப்பை எடைபோட்டுக் கொண்டுவருவார்கள்.

சாயம் போடுவதற்கு முன்பே துணி வெளுப்பு, கழுவல் எல்லாம் முடிந்து நனைந்திருக்கும். தண்ணீரை வடித்த பிறகும் பருத்தித் துணி தன் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். இரண்டரை மடங்கு என்று வைத்துக்கொண்டாலும் 1,250 லிட்டர் ஏற்கெனவே மெஷினுக்குள் இருக்கிறது. ஆக, புதிதாகப் பிடிக்க வேண்டியது 1,750 லிட்டர்தான். இது தெரியாத ஆபரேட்டர், மீட்டரில் 3,000 வரும் வரை தண்ணீரை விடுவார். உள்ளே மொத்தம் 4,250 லிட்டர் ஆகிவிடும். உப்பு அதே 180 கிலோ. லிட்டருக்கு 60 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் 42 கிராம்தான் இருக்கும். உப்பு குறைந்தால் சாயம் சரியாக ஏறாது, ஷேட், அதாவது நிறம், வெளிறி வரும். உடனே லேப்பிலிருந்து சத்தம் வரும், மாஸ்டர் ஓடி வருவார், டாப்பிங் போடச் சொல்வார், அதாவது மேலே இன்னும் சாயம் ஏற்றி நிறத்தைச் சரிசெய்யச் சொல்வார். மறுபடி சாயம், மறுபடி உப்பு, மறுபடி சோடா, மறுபடி சோப்பு, மறுபடி கழுவல். இரண்டு, மூன்று மணி நேரம் போய்விடும்.

டாப்பிங் விழாமல் தப்பினாலும் தண்ணீர் போனது போனதுதான். துணி நனைந்த பிறகு ஒரு லாட்டுக்கு, அதாவது மெஷினில் ஒரு தடவை ஏற்றும் துணிக்கு, எட்டு முறை தண்ணீர் பிடிக்கிறார் என்றால், ஒவ்வொரு முறையும் 1,250 லிட்டர் கூடுதல். ஒரே லாட்டில் 10,000 லிட்டர்! அவ்வளவும் குழாய் வழியாகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். அங்கே ஒவ்வொரு லிட்டருக்கும் கட்டணம் இருக்கிறது.

இதை நான் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதில்லை. ஒரு கிலோ காய்ந்த துணியைத் தராசில் வைத்துக் காட்டி, பக்கெட்டில் முக்கி எடுத்து, சொட்டுவது நிற்கும் வரை பிடித்துவிட்டு, மறுபடி தராசில் வைப்பேன். முள் மூன்றரை கிலோவுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். பதினோரு வருடம் மெஷின் ஓட்டிய ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் திரும்பித் தன் மெஷினையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த லாட்டுக்கு மீட்டரை 1,750-ல் அவரே நிறுத்தினார். பதினோரு வருடத்தில் ஒருவரும் அவருக்கு இதைச் சொன்னதில்லை. அதில் அவர் தவறு எதுவும் இல்லை.

மாதம் ஒரு வகுப்பு வைக்கிறோம். அது போதாதா?

வகுப்பு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 12 மணி நேர ஷிப்ட் முடித்து வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, விளக்கை அணைத்து, திரையில் படம் காட்டினால் அவர் தூங்காமல் என்ன செய்வார்? பயிற்சி வேலை நேரத்தில் நடக்க வேண்டும், அந்த நேரத்துக்குச் சம்பளம் இருக்க வேண்டும், மெஷின் பக்கத்தில் நடக்க வேண்டும். ஒரு தடவைக்கு 15 நிமிடம், ஒரே ஒரு விஷயம். இன்று தண்ணீர் மீட்டர் மட்டும். அடுத்த வாரம், தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். தாள். அதற்கடுத்து, வெளுப்புக்குப் பிறகு பெராக்சைடு மீதி இருக்கிறதா என்று பார்க்கும் பட்டை. பெராக்சைடு மிச்சம் இருந்தால் சாயத்தை அதுவே கெடுத்துவிடும், திரும்பவும் டாப்பிங்தான்.

சொல்லிக் கொடுத்ததை அவரே செய்து காட்ட வேண்டும். நான் கைகட்டி நிற்பேன், அவர் செய்வார். அது நடக்கும் வரை பயிற்சி முடிந்ததாக நான் கணக்கு வைப்பதில்லை.

எங்கள் ஆட்களில் பெரும்பாலானவர்கள் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட். தமிழ் தெரியாது. என்ன செய்வது?

இந்தி பேசினால் எல்லாருக்கும் புரியும் என்று நினைத்துக்கொள்வதுதான் முதல் தவறு. ஒடிசாவின் உள் கிராமத்திலிருந்து வந்த பையனுக்கு இந்தியும் அரைகுறையாகத்தான் தெரியும். தலையை ஆட்டுவார். புரிந்தது என்று அதற்கு அர்த்தம் இல்லை. அவர் ஊர்க்காரர் ஒருவர் அதே ஆலையில் இரண்டு, மூன்று வருடமாக வேலை செய்துகொண்டிருப்பார். அவருக்கு முதலில் நன்றாகச் சொல்லிக் கொடுத்து, அவரையே சொல்லித்தரச் சொல்லுங்கள், அதற்கென்று மாதம் ஒரு தொகையும் கொடுங்கள். இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை.

அதோடு எழுத்தை நம்பாமல் நிறத்தை நம்புங்கள். நல்ல தண்ணீர் வால்வுக்கு ஒரு நிறம், சுத்திகரித்துத் திரும்பி வந்த தண்ணீருக்கு வேறு நிறம், உப்புநீர்க் குழாய்க்கு இன்னொரு நிறம். மீட்டரில் நிறுத்த வேண்டிய எண்ணை லாட் கார்டில் பெரிதாக எழுதிவிடுங்கள். எண் எல்லா மொழிக்காரருக்கும் தெரியும்.

ஆறு மாதத்தில் வேறு ஆலைக்குப் போய்விடுகிறார்கள். பயிற்சிச் செலவு வீண்தானே?

போவார்கள்தான். ஆனால் பயிற்சி இல்லாமல் அந்த ஆறு மாதமும் உங்கள் மெஷினை அவர்தானே ஓட்டப்போகிறார்? மேலே சொன்ன 10,000 லிட்டர் கணக்கை ஆறு மாதத்துக்குப் போட்டுப் பாருங்கள். பக்கத்து ஆலையில் பழகிய ஆள் நாளை உங்களிடமும் வருவார். பல ஆலைகள் ஒரே பொது நிலையத்துக்குத்தான் தண்ணீர் அனுப்புகின்றன. ஒரு நிலையத்தில் சேர்ந்திருக்கும் ஆலைகள் சேர்ந்து ஒரே பயிற்சியாளரை வைத்துக்கொண்டால் செலவும் பிரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தங்குமிடம், சாப்பாடு, ஓவர் டைம் பணம் இவை சரியில்லாத இடத்தில் ஆள் தங்க மாட்டார். அதைப் பயிற்சியால் சரிக்கட்ட முடியாது.

மாஸ்டருக்கும் சூப்பர்வைசருக்கும்கூட பயிற்சி தேவையா?

அவர்களுக்குத்தான் முதலில் தேவை. ஆபரேட்டர் தண்ணீரைக் குறைத்துப் பிடிக்கக் கற்றுக்கொண்டு வருகிறார். ராத்திரி ஷிப்டில் சூப்பர்வைசர் வந்து, "எதுக்குங்க ரிஸ்க்கு, எப்பவும் போல ஃபுல்லா விடுங்க" என்கிறார். அவ்வளவுதான், பகலில் கொடுத்த பயிற்சி முழுவதும் போச்சு.

திறன், ஊக்கம், வாய்ப்பு மூன்றும் சேர்ந்தால்தான் தொழிலாளியின் வேலை மாறும் என்று மேலாண்மைத் துறையில் சொல்வார்கள். நம் ஆலைகளில் பயிற்சி திறனைக் கொடுத்துவிடுகிறது. வாய்ப்பைத்தான் யாரும் கொடுப்பதில்லை. நீராவிக் குழாயில் கசிவைப் பார்த்த ஹெல்பர் யாரிடம் சொல்ல வேண்டும்? சொன்னால் எத்தனை மணி நேரத்தில் ஃபிட்டர் வருவார்? பி.எச். தப்பாக இருந்தால் ஆபரேட்டர் தானே லாட்டை நிறுத்தலாமா? இதற்கெல்லாம் மாஸ்டர் முன்கூட்டியே பதில் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு தடவை சொல்லியும் யாரும் கண்டுகொள்ளாவிட்டால் மூன்றாவது தடவை அவர் சொல்ல மாட்டார்.

பயிற்சியால் பலன் வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பயிற்சிக்கு முன்பு ஒரு மாதம் அளந்து வைத்திருந்தால்தான் தெரியும். பலர் அதைச் செய்யாமல் தொடங்கிவிட்டு, பிறகு கண் மதிப்பில் பேசுகிறார்கள். ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை கிராம் உப்பு, எவ்வளவு விறகு, எத்தனை யூனிட் மின்சாரம், நூறு லாட்டில் எத்தனை லாட் திரும்பச் சாயத்துக்குப் போனது. இந்த ஐந்து எண்ணும் போதும். ஒன்றுதான் வேண்டும் என்றால் கடைசி எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவையிலேயே ஷேட் சரியாக வந்தால் மற்ற நான்கும் தானாக இறங்கும்.

ஒரு எச்சரிக்கை. கறுப்பு, நேவி போன்ற அடர் நிறங்களுக்கு உப்பும் கழுவலும் அதிகம் வேண்டும், வெளிர் நிறத்துக்குக் குறைவு. போன மாதம் வெளிர் நிறம், இந்த மாதம் கறுப்பு என்று ஆர்டர் மாறினால் எண்ணும் ஏறும். அதை வைத்து ஆபரேட்டரைக் குறை சொல்லக் கூடாது. அடர் நிறத்தை அடர் நிறத்தோடு ஒப்பிடுங்கள். எண்ணை ஆபீஸ் கம்ப்யூட்டரில் பூட்டி வைக்காமல், மெஷின் பக்கத்தில் பலகையில் எழுதி வையுங்கள்.

மிச்சமாகும் பணத்தில் தொழிலாளிக்குப் பங்கு கொடுக்க வேண்டுமா?

கொடுக்க வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தண்ணீர் மிச்சமானால் நிலையத்தில் உங்களுக்கு ஒதுக்கிய அளவுக்குள்ளேயே கூடுதலாகச் சாயம் போடலாம், அதன் லாபம் உங்களுக்கு. அதில் ஒரு பகுதி அந்த ஷிப்டுக்குப் போவதுதான் நியாயம். தனி ஆளுக்குக் கொடுப்பதைவிட ஷிப்டுக்குக் கொடுங்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அபராதம் மட்டும் போடாதீர்கள். அபராதம் போட்ட ஆலையில் மீட்டர் எண்ணைப் பொய்யாக எழுதப் பழகிவிட்டதை நேரில் பார்த்திருக்கிறேன்.

துணி வாங்கும் பையர் நடத்தும் ஆடிட்டுக்கு வருகைப் பதிவேடும் கையெழுத்தும் இருந்தால் போதாதா?

ஐ.எஸ்.ஓ. 14001 என்ற சுற்றுச்சூழல் மேலாண்மைத் தரத்தின் 2015 பதிப்பை எடுத்துப் பாருங்கள். 7.2 பிரிவு வேலைக்கான தகுதித் திறனைக் கேட்கிறது, 7.3 பிரிவு விழிப்புணர்வைக் கேட்கிறது. இரண்டும் தனித்தனி. கையெழுத்து இரண்டையும் நிரூபிக்காது. விவரமான ஆடிட்டர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு நேராகத் தளத்துக்குப் போய், "இந்த வால்வை மூடாவிட்டால் என்ன ஆகும்?" என்று ஆபரேட்டரிடம்தான் கேட்பார்.

நீராவி, காற்று, மின்சாரம் பற்றி என்ன சொல்லித் தருவது?

சுருக்கமாகச் சொல்கிறேன். பாய்லருக்குப் போகும் தண்ணீர் 6 டிகிரி கூடுதல் சூடாகப் போனால் ஏறக்குறைய 1 சதவீதம் எரிபொருள் மிச்சம். அதனால் நீராவி குளிர்ந்து வரும் வெந்நீரைச் சாக்கடைக்கு விடாமல் பாய்லருக்குத் திருப்ப வேண்டும். கம்ப்ரசரில் 7 பார் வைத்திருப்பதை 6 ஆக்க முடிந்தால் அதன் மின்சாரத்தில் 6, 7 சதவீதம் குறையும். காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்க, மெஷின்கள் எல்லாம் நின்ற நேரத்தில் ஆலையைக் காதால் கேட்டுக்கொண்டே ஒரு நடை நடந்தால் போதும்.

கெமிக்கல் ரூமில் வேலை செய்பவருக்கு?

பெரிய கேனிலிருந்து சிறிய கேனுக்கு மாற்றினால், மாற்றிய கேனிலும் பெயர் எழுத வேண்டும். பையர்கள் தடை செய்த ரசாயனம் ஆலைக்குள் வருவது பல நேரம் பெயரில்லாத கேன் வழியாகத்தான். ஹைட்ரோஸ் என்ற ரசாயனப் பொடி இருக்கும் டிரம்மில் ஈரக் கரண்டி படவே கூடாது. ஈரம் பட்டால் அது சூடாகித் தீப்பிடிக்கும்.

கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்வதும் இந்தப் பயிற்சியில் வருமா?

வர வேண்டும், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டும். தேங்கிய கழிவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு உருவாகும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. நாற்றம் இல்லை என்று நம்பி இறங்கியவர் சில மூச்சில் விழுந்துவிடுவார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவார், அவரும் விழுவார். நம் பகுதியில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. வாயு மீட்டர், காற்று ஊதும் கருவி, உடலில் கட்டிய கயிறு, வெளியே கயிற்றைப் பிடித்து நிற்க ஆள் இவை இல்லாமல் யாரும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது. எவ்வளவு அவசரம் என்றாலும், யார் சொன்னாலும் சரி. முடியாது என்று மறுக்கும் உரிமை தனக்கு உண்டு என்பதைத் தொழிலாளி முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும்.

போபால் விபத்துக்குப் பிறகு 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தில் 111ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். உடல்நலம், பாதுகாப்பு பற்றிய தகவலையும் பயிற்சியையும் பெறுவது தொழிலாளியின் உரிமை என்று சொன்ன பிரிவு அது.

எங்களுடையது தையல் யூனிட். சாயமே இல்லை. எங்களுக்கும் பொருந்துமா?

பொருந்தும், ஆனால் விஷயம் வேறு. கட்டிங் கழிவை நிறம் வாரியாகப் பிரித்துப் போடக் கற்றுக்கொடுங்கள். பிரித்த துணிக்கு விலை கூடக் கிடைக்கும், திரும்ப நூலாக்குவதும் எளிது. பழைய கிளட்ச் மோட்டார் தைக்காத நேரத்திலும் ஓடிக்கொண்டே இருக்கும். அதை மாற்றும் வரை, எழுந்து போகும்போது அணைக்கும் பழக்கமாவது வேண்டும்.

எங்கள் ஆலை சின்னது, கையில் பணம் இல்லை. எதிலிருந்து தொடங்குவது?

ஒரு பக்கெட்டிலிருந்து. தரை கழுவும் ஓஸை 15 லிட்டர் பக்கெட்டில் பிடித்துவிட்டு, நிரம்ப எத்தனை நொடி என்று தொழிலாளியையே பார்க்கச் சொல்லுங்கள். 45 நொடி என்றால் நிமிடத்துக்கு 20 லிட்டர். எட்டு மணி நேரம் அப்படியே திறந்து கிடந்தால் 9,600 லிட்டர். கணக்கை அவரே போடட்டும். அடுத்ததாகத் தராசும் ஈரத் துணியும். மூன்றாவதாக, மெஷினுக்கு ஒரு தண்ணீர் மீட்டர். அதற்குப் பணம் வேண்டும்தான், ஆனால் அதை வாங்காமல் மேலே போக முடியாது.

ஆபரேட்டர்களைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கூட்டிப் போவது அவசியமா? ஒரு நாள் உற்பத்தி போகுமே?

அரை நாள் போதும், கூட்டிப் போங்கள். சாயம் போடுபவர் பலர் தாங்கள் வடித்த தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்ததே இல்லை. வெந்து கொதிக்கும் எவாப்பரேட்டர் பக்கத்தில் நிற்கும்போது முகத்தில் அடிக்கும் சூடு, மீட்டெடுத்துக் குவித்த வெள்ளை உப்பு, எதற்கும் திரும்பப் பயன்படாமல் கொட்டகையில் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடக்கும் கலப்பு உப்பு, இதையெல்லாம் அவர்கள் நேரில் பார்க்க வேண்டும்.

ஒரு முறை அந்தக் கொட்டகை வாசலில் ஒரு இளம் ஆபரேட்டர் என்னிடம் கேட்டார்: "நம்ம மெஷின் மட்டும் ஒரு நாளைக்கு எவ்வளவு உப்பு அனுப்புதுங்க?" அவர் சட்டைப் பையில் இருந்த முந்தின நாள் லாட் விவரத்தை எடுத்து அங்கேயே கணக்குப் போட்டோம். மூன்று லாட், ஒவ்வொன்றுக்கும் 180 கிலோ. 540 கிலோ. அடுக்கில் இருந்த 50 கிலோ மூட்டைகளைக் கீழிருந்து ஒவ்வொன்றாக விரலால் எண்ணிக்கொண்டே போய், பதினொன்றாவது மூட்டையில் கையை வைத்து நிறுத்தினார்.